நம்மூர்க் கிறிஸ்துமஸ் கீர்த்தனைக்கு ஆர்கன் இசை: எழுதித் தரும் நிலையம் எப்படி?

பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம், ஆலயப் பாடகர் குழுக்களுக்கு இசைக்குறிப்பு எழுதித் தரும் சிறு நிலையம் ஒன்று இருக்கிறது. எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) கிறிஸ்துமஸ் காலத்தில் பாடும் மூன்று கீர்த்தனைகளை, ஆராதனைக்கு முன் வாசிக்கத்தக்க தனி ஆர்கன் இசையாக அங்கே எழுதி வாங்கினோம். பாட்டுக்கு 1,500 ரூபாய். ஓரிடம் தவிர வேலையில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் தாக்கேன், பல்பாஸ்த்ர் முதலிய ஆர்கன் கலைஞர்கள், மக்கள் பாடிவந்த கிறிஸ்துமஸ் மெட்டுகளை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் சுரங்களைப் பெருக்கிக்கொண்டே போகும்படி எழுதினார்கள். பல்பாஸ்த்ர் வாசிப்பதைக் கேட்கக் கூட்டம் முண்டியடித்ததால், நள்ளிரவுத் திருப்பலியில் அவர் வாசிக்கக் கூடாதென்று 1762இல் பாரிஸ் பேராயரே தடை போட்டார். (எங்கள் ஆலயத்துக்கு அந்தத் தொல்லை வராது.) நிலையத்தார் பிடித்துக்கொண்டது அந்த வழியைத்தான். பல்லவியை புல்லாங்குழல் போல ஒலிக்கும் மெல்லிய ஃப்ளூட் ஸ்டாப்பில் தனியாக ஒலிக்கவிட்டு, அனுபல்லவியில் இடக்கைக்கு ஓட்டமான சுரங்களைக் கொடுத்து, சரணத்தில் மெட்டையே காலால் வாசிக்கும் பெடலுக்கு இறக்கி நெடுஞ்சுரங்களாக நடத்தியிருக்கிறார்கள். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை ஆர்கனில் ஓசை தேயாது என்பதால், சட்ஜமும் பஞ்சமமும் சுருதிபோல அடியில் நிற்பது மிகப் பொருத்தமாக இருக்கிறது. ஆர்கனில் கமகம் வராது. அந்த நெளிவுகளைச் சிறு சுரங்களாகப் பிரித்து எழுதிய நிதானம், எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத எங்கள் ஆர்கனிஸ்ட் அண்ணாச்சிக்கே பிடித்துப்போயிற்று.

குறை இரண்டாவது பாட்டில். அது நடபைரவி ராகம். மேற்கத்திய மைனர் இலக்கணப்படி முடிவுக் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) அமைவதற்காக, அந்த ராகத்துக்குரிய தாழ்ந்த நிஷாதமான கைசிகியை உயர்ந்த நிஷாதமான காகலியாக மாற்றிவிட்டார்கள். உடனே கீரவாணி என்ற வேறு ராகத்தின் வாடை அடித்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாக ராகத்தோடு பாடிவரும் சபையார், ஒத்திகையிலேயே முகம் சுளித்தார்கள். சொன்னதும், கூடுதல் பணம் கேட்காமல், அந்தக் கார்டில் நிஷாதத்தையே நீக்கிப் பஞ்சமத்தையும் ரிஷபத்தையும் மட்டும் வைத்துத் திருத்தித் தந்தார்கள். இப்போது ராகமும் கெடவில்லை, முடிவும் கம்பீரமாக இருக்கிறது.

பெடல் இல்லாத கீபோர்டை வைத்திருக்கும் கிராமச் சபைகளுக்குத் தனிப் பிரதியும் உண்டு. ஆனால் அதில் சில இடங்கள் இடக்கைக்கு எட்டவில்லை. பாட்டை ஒலிப்பதிவாக மட்டும் அனுப்பாமல் ராகத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வீடுவீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் நிலையத்தாரைப் பிடிப்பது கடினம், நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள்.