பிள்ளைக்கு 18 ஆவதற்குள் ஜீவனாம்சத்தை மாற்ற: நீலகிரியில் இலவச சட்ட உதவி எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

சுருக்கமாகச் சொன்னால், 17 வயதுக்குள் போனால் நல்ல சேவை. 18-க்குப் பத்து நாள் முன்னால் போனால் யாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அது சேவையின் குறை இல்லை, சட்டம் அப்படி: பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஜீவனாம்சம் 18 வயதோடு நின்றுவிடும்.

உதகையில் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கூடலூர், குன்னூர் பக்கத்துக்காரர்கள் தங்கள் ஊர் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவிலேயே மனு கொடுக்கலாம். கூடலூர்க்காரர்கள் வெறும் விவரம் கேட்க 50 கிலோமீட்டர் நடுவட்டம் வழியாக உதகைக்கு ஏற வேண்டியதில்லை, 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டாலே போதும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வருமான வரம்பே கிடையாது. எனவே தாசில்தார் ஆபீஸில் வருமானச் சான்றுக்கு நிற்க வேண்டாம். அப்பா தரப்புக்கும் வழி உண்டு: தொழிற்சாலைத் தொழிலாளி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் அவருக்கும் வருமானம் பார்ப்பதில்லை. வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், நகல் செலவு எல்லாம் குழுவே ஏற்கும். குழு நியமிக்கும் பேனல் வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமலே இருந்தாலோ, வேறு வக்கீல் வேண்டும் என்று ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். செயலாளரும் ஒரு நீதிபதிதான்.

இனி வேலை. முதலில் பழைய உத்தரவின் சான்றிட்ட நகலை எடுத்து, தொகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'அம்மாவுக்கு 4,000, பிள்ளைக்கு 3,000' என்று பிரித்திருந்தால் சிக்கல் குறைவு. 'இருவருக்கும் சேர்த்து 7,000' என்றிருந்தால் ஜாக்கிரதை. பிள்ளைக்கு 18 ஆன மாதமே அப்பா தன் இஷ்டத்துக்குப் பாதியை வெட்டுவார், எது யார் பங்கு என்று அப்புறம் சண்டை. உயர்த்தக் கேட்கும் மனுவிலேயே தொகையைப் பிரித்துத் தரவும் கேளுங்கள்.

மனு போட வேண்டிய பிரிவு, 2024 ஜூலை முதல், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 146. பழைய ஆட்கள் முந்தைய சட்டமான சி.ஆர்.பி.சி. 127 என்பார்கள், இரண்டும் ஒன்றே. 'சூழ்நிலை மாறிவிட்டது' என்று காட்டுவதுதான் இதன் உயிர். விலைவாசி ஏறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதாது. பள்ளி போனஃபைடு, கல்லூரிக் கட்டண ரசீது, ஹாஸ்டல் கட்டணம், பஸ் செலவு எல்லாம் வைக்க வேண்டும். இரு தரப்பும் சொத்து-வருமான அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜனேஷ்–நேஹா தீர்ப்பு. மலையில் இங்கேதான் வழக்கு தொய்யும். எஸ்டேட் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் உண்டு, மறைக்க முடியாது. சிறு தேயிலை விவசாயி 'எனக்கு வருமானமே இல்லை' என்பார். அவர் இலை போடும் ஃபேக்டரியின் பெயர், கூட்டுறவு என்றால் உறுப்பினர் எண், பணம் ஏறும் வங்கிக் கிளை ஆகியவற்றை வக்கீலிடம் கொடுத்தால், இலைக் கணக்கைக் கோர்ட் மூலம் வரவழைக்கக் கேட்கலாம். வக்கீலாகத் தேடிப் பிடிப்பார் என்று இருக்காதீர்கள்.

வயதுச் சான்றும் ஒரு கண்ணி. ஸ்கூலில் சேர்க்க ஆறு மாதம் கூட்டிப் போட்ட தேதி ஒன்று, பிறப்புச் சான்றில் வேறொன்று என்றால், எது முந்தி வருகிறதோ அதையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

உயர்வை மனுத் தேதியிலிருந்து தரக் கேட்டு எழுதுங்கள். 17 வயது 10 மாதத்தில் போட்ட மனு 19-இல் முடிந்தால், பையன் விஷயத்தில் மிஞ்சுவது இரண்டு மாத வித்தியாசம்தான். நிலுவைக்குப் பிடியாணை கேட்கும் மனுவில் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக் கெடு. 20 மாதப் பாக்கியைச் சேர்த்துவைத்துக் கேட்டால் அந்த வழியில் முதல் எட்டு மாதம் போச்சு. ஆனால் பிள்ளைக்கு 18 ஆனதால் அதற்கு முந்தைய பாக்கி அழிந்துவிடாது.

18-க்குப் பிறகு? உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கு ஜீவனாம்சம் தரும் அடிப்படைப் பிரிவான பி.என்.எஸ்.எஸ். 144-ஆம் பிரிவிலேயே தொடரும், திருமணமான மகள் மட்டும் விலக்கு. மற்றப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவில் கதவு மூடிவிடும். இந்து மகளுக்கு, திருமணமாகாமல், சொந்த வருமானமும் சொத்தும் போதாமல் இருக்கும்வரை, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பிரிவு 20(3) இருக்கிறது. இதற்குத் தனி வழக்கு வேண்டும் என்று 2020-இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்காலத்தில் மகள்தான் கையெழுத்திட வேண்டும், அம்மாவின் கையெழுத்து செல்லாது. உள்ளூரில் பலரும் கவனிக்காத ஒன்று: அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்கு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பொருந்தாது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பம் என்றால் 20(3) மனு எழுதும் முன்பே வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள். படகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை, அவர்களுக்குப் பொருந்தும்.

எங்கள் கணிப்பில் இந்தச் சேவையின் சிறந்த பகுதி, வழக்குப் போடாமலே இரு தரப்பையும் அழைத்துப் பேசும் சமரசம். 18-க்குப் பிறகு மகனின் படிப்புச் செலவு என்பது 144-இல் கிடைக்காத ஒன்று. அதை இங்கே ஒப்புதலாக வாங்கலாம், லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பாகப் பதிவானால் சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு அப்பீல் இல்லை என்பதால் 'படிப்புச் செலவை ஏற்கிறேன்' என்ற மொட்டை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, ஹாஸ்டல் சேர்த்தா சேர்க்காமலா, எந்தத் தேதிக்குள், யாருடைய வங்கிக் கணக்கில் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும்.