அடுத்தவர் இதழில் எழுதுவதா, அடுத்தவர் மைக்கில் பேசுவதா?

பாட்காஸ்ட் ஒன்றில் முக்கால் மணி நேரம் பேசினேன். மனசுக்கு நிறைவான உரையாடல். முடிக்கும்போது தொகுப்பாளர், "உங்களை எங்கே படிக்கலாம்?" என்று கேட்டார். என் தளத்தின் முகவரியைச் சொன்னேன். அதில் ஒரு 'ழ' உண்டு. ஆங்கில எழுத்தில் அதைச் சிலர் இரண்டெழுத்தாகப் போடுவார்கள், சிலர் ஓரெழுத்தாக. நான் எப்படிப் போட்டிருக்கிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை. நடுவில் ஒரு சிறு கோடு வேறு. பேச்சைப் பாராட்டிப் பலர் எழுதினார்கள். தளத்துக்கு வந்து சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே மாதம், அந்த நிகழ்ச்சியைவிடச் சின்ன வட்டம் கொண்ட இதழ் ஒன்றில் என் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் அதிகம். அவர்களில் பலர் இன்றும் படிக்கிறார்கள்.

எழுதுபவர் ஆள் சேர்ப்பதற்கு இந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் வித்தியாசம் கையில் இருக்கிறது. கட்டுரை படிப்பவரின் விரல் ஏற்கனவே திரைமேல் இருக்கும். கடைசி வரியில் சுட்டி இருந்தால் அழுத்திவிடுவார். பாட்காஸ்ட் கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். அப்புறம் பார்க்கலாம் என்று அவர் நினைப்பது உண்மைதான். கை காய்வதற்குள் அது மறந்துவிடுவதும் உண்மை. இரண்டாவது, கட்டுரையை முடித்துவிட்டு வருபவர் உங்கள் எழுத்தைப் படித்துப் பார்த்து, பிடித்து வருகிறார். கேட்டுவிட்டு வருபவருக்குப் பிடித்தது உங்கள் பேச்சு. அவர் வாசிக்கும் பழக்கம் உள்ளவரா என்பது வந்த பிறகுதான் தெரியும்.

ஆனால் நம்பிக்கை என்று வரும்போது பேச்சுக்கு ஈடு இல்லை. தயங்கி, யோசித்து, "அது எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொல்வதைக் காதால் கேட்டவர் அவரை லேசில் விடமாட்டார். அதற்கப்புறம் உங்கள் கட்டுரையைப் படித்தால் உங்கள் குரலிலேயே படிப்பார். புத்தகம் வெளிவந்திருக்கும் நேரத்தில் நான் கட்டுரையைவிடப் பேச்சையே பரிந்துரைப்பேன். சொந்த அனுபவத்தையோ நீண்ட கள ஆய்வையோ எழுதுபவர்களுக்கும் அதுவே பொருந்தும். ஒரு புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு அதை வாங்கும் முடிவு எளிதாகிவிடுகிறது.

உழைப்புக் கணக்கைப் பார்த்தால் பேச்சு மலிவு. தயாரிப்புக்குக் கொஞ்ச நேரம், ஒலிப்பதிவுக்கு ஒரு மணி நேரம், தொகுப்பு வேலை அவர்களுடையது. கட்டுரைக்கு ஆசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுப்பு வந்தால் வேறு இடம் தேட வேண்டும், ஏற்றாலும் இரண்டு முறை திருத்த வேண்டும். இத்தனையும் சேர்த்த பிறகும் என் ஓட்டு கட்டுரைக்குத்தான். தேர்ந்த ஆசிரியர் ஒருவர் உங்கள் முதல் மூன்று பத்திகளை வெட்டி எறிந்து, நான்காவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும்போது கிடைக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்காது. ஆள் வராவிட்டாலும் எழுத்து வளர்ந்திருக்கும்.

கெஸ்ட் போஸ்ட், அதாவது அடுத்தவர் தளத்தில் விருந்தினராக எழுதும் கட்டுரை, அதன் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் கூகுளின் ஸ்பாம் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ் அப்படி எழுதினார். ஆனால் தேடுபொறியில் மேலே வருவதற்காகச் சுட்டி வாங்கும் கட்டுரைகளைத்தான் சொன்னேன் என்று தலைப்பையே பிறகு திருத்தினார். புதிய வாசகர்களைச் சென்றடைய எழுதுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன என்றும் சேர்த்தார். தேடுபொறி அந்தச் சுட்டியை மதிக்கிறதா என்பது சந்தைப்படுத்துபவரின் கவலை. எழுதுபவருக்கு வேண்டியது அதை அழுத்தும் மனிதர்.

எதிர்ப்பக்கத்தில், சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிட உதவும் கருவியைத் தரும் பஃபர் நிறுவனத்தின் கதையைக் காட்டுவார்கள். அதன் இணை நிறுவனர் லியோ விட்ரிச் ஒன்பது மாதங்களில் அடுத்தவர் தளங்களில் சுமார் 150 கட்டுரைகள் எழுதி, ஒரு லட்சம் பயனர்களைச் சேர்க்க அது உதவியதாகச் சொன்னார். ஆரம்பக் கட்டுரைகளால் பெரிதாக யாரும் வரவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்தது ஒரு கருவி. எழுத்தாளரிடம் இருப்பது எழுத்து மட்டும்தான், அதை 150 துண்டாக்கினால் ருசி போய்விடும். வருடத்துக்கு நாலு, உயிரைக் கொடுத்து எழுதியவை, போதும்.

கட்டுரையின் கீழே வரும் ஆசிரியர் குறிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எழுத்தாளர், கவிஞர், பயண ஆர்வலர். பல இதழ்களில் எழுதிவருகிறார்." இதைப் படித்தவர் எங்கே போவார், எதற்குப் போவார்? இப்படி மாற்றிப் பாருங்கள்: "முதியோரைப் பராமரிப்பவர்களின் அன்றாடத்தைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறார். இந்தக் கட்டுரையில் வரும் மருந்து அட்டவணையை அவருடைய தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்." சுட்டி முகப்புக்குப் போகக் கூடாது. அந்த அட்டவணை இருக்கும் பக்கத்துக்கே போக வேண்டும், அங்கேயே மின்னஞ்சலைப் பதியும் பெட்டியும் இருக்க வேண்டும். எத்தனை நாள் கழித்து உங்கள் தளத்தில் மறுபதிப்புச் செய்யலாம் என்பதையும் கட்டுரையை அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடையில் பேசுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வருகிற கூட்டம் சின்னது, ஆனால் நேரில் கைகுலுக்கியவர் சுலபத்தில் விலகுவதில்லை. செய்திமடல்கள் ஒன்றையொன்று பரிந்துரைக்கும் வழியில் எண்ணிக்கை வேகமாக ஏறும். செய்திமடல்களை வெளியிடும் தளமான சப்ஸ்டாக் 2022 ஏப்ரலில் அதற்கென ஒரு வசதியையே கொண்டுவந்தது. ஒரு மடலில் சேர்பவருக்கு, அதை எழுதுபவர் பரிந்துரைக்கும் மற்ற மடல்களும் அங்கேயே காட்டப்படும். உங்கள் ஒரு வரியைக்கூடப் படிக்காமலே சந்தாதாரராகிவிட முடியும் என்பதால் அந்த எண்ணிக்கையைப் பார்த்து நான் பெருமைப்பட மாட்டேன்.

இப்போது ஆரம்பிப்பவர் கேட்டால் வரிசையை இப்படிச் சொல்வேன்: முதலில் மூன்று நல்ல கட்டுரைகள், உங்கள் வாசகர் ஏற்கனவே புழங்கும் இடங்களில். அதில் எதற்கு அதிகமாகக் கடிதம் வருகிறதோ, அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு பாட்காஸ்ட்காரர்களை அணுகுங்கள். பேச்சுக்கு ஒரு பிடிமானம் இருக்கும், கேட்டவரை அனுப்பிவைக்க ஒரு கட்டுரையும் இருக்கும்.

என் முகவரியிலிருந்து ழகரத்தையும் கோட்டையும் எடுத்துவிட்டேன். போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று நான்கு நண்பர்களிடம் சோதித்த பிறகே புதிய பெயரை வைத்தேன். ஒலிப்பதிவுக்கு முந்தைய நாளே சுட்டியைத் தொகுப்பாளருக்கு அனுப்பி, நிகழ்ச்சிக் குறிப்பின் முதல் வரியில் போடச் சொல்லிவிடுகிறேன்.