ஹெச்610, பி760, பி550, பி650: கடலூர், புதுச்சேரிப் பக்கம் எந்த மதர்போர்டு எடுக்கலாம்?

பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, கடைசியில் "போர்டு ஏதோ ஒண்ணு போட்டுக் கொடுங்கண்ணா" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுவதுதான் நம்ம ஊரில் வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ராம் போனால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், போர்டு போனால் மொத்தப் பெட்டியையும் கழற்ற வேண்டும்.

தலைப்பில் உள்ள ஹெச்610, பி760 மாதிரிப் பெயர்கள் போர்டிலுள்ள சிப்செட்டின் (போர்டில் எது எது வேலை செய்யும் என்று தீர்மானிக்கும் சில்லு) பெயர்கள், போர்டை அந்தப் பெயரிலேயே சொல்வார்கள். முதலில் ஒதுக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "புது போர்டு, மூணு வருஷம் கழிச்சும் ஓடும்" என்று பெயர் தெரியாத கம்பெனியின் ஹெச்61, ஹெச்81 போர்டுகளைப் பழைய ஐ5 பிராசஸரோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அதில் ஏறுவதெல்லாம் 2011, 2013 காலத்து பிராசஸர்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்தது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இன்டெல் பக்கம் போட்டி ஹெச்610-க்கும் பி760-க்கும். கடைக் கணக்கு, டைப்பிங், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் என்றால் ஐ3-12100 போட்ட ஹெச்610 தாராளமாகப் போதும். ஆனால் ராம் ஸ்லாட் இரண்டுதான், ராமின் வேகத்தைக் கூட்டவும் விடாது. இதைவிட முக்கியமானது விஆர்எம், அதாவது பிராசஸருக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பகுதி. சாக்கெட்டை (பிராசஸர் உட்காரும் இடம்) ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னச் சதுரக் கட்டிகளைப் பாருங்கள், விலை குறைந்த ஹெச்610 போர்டுகளில் பெரும்பாலும் அதன்மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்காது. ஐ5-12400 அதிகபட்சம் 117 வாட் இழுக்கும், அதைச் சமாளித்துவிடும். ஆனால் அட்டையில் 65 வாட் என்று போட்டிருக்கும் ஐ7-14700 உச்சத்தில் 219 வாட் வரை போகும், சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அதை இந்தப் போர்டில் போட்டு வீடியோ எடிட்டிங் செய்தால் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கொடுத்த காசு வீண். ஐ7 எடுப்பவர்கள் ஹீட்சிங்க் உள்ள பி760-க்கே போய்விடுங்கள். ஹெச்610, பி760 இரண்டிலும் உள்ள சாக்கெட்டுக்கு 14-ஆம் தலைமுறைதான் கடைசி வரிசை, அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200-க்கு வேறு சாக்கெட் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி பக்கம்தான் எனக்குப் பிடித்த பி550 இருக்கிறது. வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: ராமை அப்படியே எடுத்துப் போட்டு, ரைசன் 5 5600 வாங்கினால் அது சுமார் 76 வாட்டில் அடங்கிவிடும், போர்டுக்கும் பாரம் இல்லை. இதைவிட மலிவான ஏ520-இல் எஸ்எஸ்டி பழைய பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் ஓடும், சின்ன விலை வித்தியாசத்துக்காக அதில் இறங்காதீர்கள். பி550-இன் குறை, அதன் ஏஎம்4 சாக்கெட் வந்து பல வருஷம் ஆகிவிட்டது, மேலே ஏற இனி பெரிதாக இடமில்லை. எல்லாம் புதிதாக வாங்கப் போகிறவர்கள், கையில் காசும் உள்ளவர்கள் பி650 எடுங்கள். டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும், செலவு கூடும், ஆனால் இதிலுள்ள ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, நம்ம ஊர் விஷயம். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று போர்டையும் விடாது. பழைய போர்டைக் கழற்றினால் யுஎஸ்பி வாயிலும் திருகு ஓரத்திலும் துரு, ராம் ஸ்லாட்டில் மங்கிப்போன பற்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆன் செய்யாமல் மூடி வைப்பது இன்னும் மோசம், ஓடும் மெஷினில் சூட்டுக்கு ஈரம் தங்காது. அதனால் ஆயிரம் ரூபாய் கலர் லைட்டுக்குப் போவதைவிட ஹீட்சிங்க்குக்கும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (பவர் சப்ளை), யுபிஎஸ்ஸுக்கும் போகட்டும். ஆசுஸா, ஜிகாபைட்டா, எம்எஸ்ஐயா என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை, மூன்றிலும் நல்ல மாடலும் உண்டு, சுமாரான மாடலும் உண்டு. வாரன்டிக்குப் போர்டை எங்கே கொடுக்க வேண்டும், உள்ளூரிலா சென்னைக்கா என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவில் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பழுதானால் பஸ் ஏற வேண்டியது நீங்கள்தான்.

வாங்கும்போது இரண்டு வேலை. பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பைக் கேளுங்கள்: ஹெச்610-இல் 14-ஆம் தலைமுறையோ பி650-இல் ரைசன் 9000-ஓ போட்டால் பழைய பயாஸில் திரையே வராது. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவில் அப்டேட் செய்யும் பிளாஷ்பேக் பட்டன் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். அப்புறம், ஏஎம்5-இலும் இந்த இன்டெல் போர்டுகளிலும் பின்கள் போர்டின் சாக்கெட்டிலேயே இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் வாரன்டி தர மறுப்பார்கள். மூடியைத் திறந்து கடையிலேயே சாக்கெட்டை போட்டோ எடுத்து, சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள், சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாமல் டப்பாவுக்குள் வைத்திருங்கள், வாரன்டிக்கு அனுப்பும்போது அதையும் கேட்பார்கள்.