முட்டை ஃப்ரைடு ரைஸ்: முட்டை எப்போது வாணலிக்குள் விழ வேண்டும்?

வீட்டில் செய்யும் முட்டை ஃப்ரைடு ரைஸ் ஒரு நாள் பொலபொலவென்று உதிர்கிறது. இன்னொரு நாள் களி போலக் கட்டிக்கொள்கிறது. பொருள்கள் இரண்டு நாளும் ஒன்றுதான்: சாதம், முட்டை, வெங்காயம், மிளகு. மாறுவது வரிசை. முட்டையை எப்போது சேர்ப்பது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. நான் மூன்றிலும் இருந்திருக்கிறேன்.

முதல் கட்சி சோம்பேறிகளுடையது. வெங்காயத்தை வதக்கி, சாதத்தைக் கொட்டி, அதன் தலையிலேயே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவது. முட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். வெள்ளைக்கரு இறுகத் தொடங்கவே 60 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே சூடு வேண்டும். குளிர்ந்த சாதக் குவியல் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் பருக்கைகள் முட்டையில் ஊறிவிடும். பிறகு எவ்வளவு கிளறினாலும் ஈரப் பிசுபிசுப்புதான். சாதத்தை ஓரமாக ஒதுக்கி, நடுவில் எண்ணெய் விட்டு அங்கே முட்டையைப் பொரிப்பது இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு அகலமான வாணலி வேண்டும்.

இரண்டாவது, முட்டையை முதலில் பொரித்து எடுத்து வைப்பது. இரண்டு கப் சாதத்துக்கு இரண்டு முட்டை. உப்புப் போட்டு அடித்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றினால் ஓரங்கள் உப்பிக்கொண்டு எழும். இரண்டு மூன்று முறை மடித்துவிட்டு, நடுவில் இன்னும் பளபளப்பு இருக்கும்போதே தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சாதம் வறுபட்டுச் சூடேறிய பிறகு மறுபடியும் உள்ளே போட்டால், மிச்ச வேக்காடு அங்கே முடியும். துண்டுகள் பஞ்சு போல இருக்கும். பல்லில் பட்டால் முட்டை என்று தெரியும். கூடுதலாக ஒரு தட்டுக் கழுவ வேண்டும் என்பதைத் தவிர இதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு அடுப்பின் தணல் சுமாரானது. ஒரே நேரத்தில் முட்டையையும் சாதத்தையும் அதனிடம் ஒப்படைக்காமல் இருப்பதே இந்த முறையின் சூட்சுமம்.

மூன்றாவதுதான் படத்தில் அழகாக விழும் முறை. மஞ்சள் கருவை மட்டும் பிரித்து, குளிர்ந்த சாதத்தில் முன்கூட்டியே பிசறி, பிறகு வறுப்பது. மஞ்சள் கருவில் தண்ணீர் குறைவு, கொழுப்பு அதிகம். பருக்கையின் மேல் மெல்லிய போர்வையாக இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு பருக்கையும் பொன் நிறத்தில் தனித்தனியாக நிற்கும். ஆனால் சுடுசாதத்தில் பிசறினால் அங்கேயே திரிந்து கட்டி தட்டும். நான்கு பேருக்கான அளவை ஒரே தடவையில் போட்டாலும் சூடு போதாமல் ஈரம் தங்கிவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் இதைச் செய்யலாம். ஒருமுறை இதைப் பெருமையோடு பரிமாறியபோது, "முட்டையே போடவில்லையா?" என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது.

சாதத்திலும் ஒரு போட்டி உண்டு. முதல் நாள் சாதம் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்போது அதன் மாவுச்சத்து மீண்டும் இறுகுகிறது, மேற்பரப்பு உலர்கிறது. அதனால்தான் உடையாமல் வறுபடுகிறது. அதற்காகப் புதுச் சாதம் ஆகாது என்பதில்லை. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வேகவைத்து, அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறியின் கீழ் கால் மணி நேரம் விட்டால் ஆவி போய்விடும். பழைய சாதத்துக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்றால் இதற்கு எண்பது தருவேன்.

ஆனால் இரவு முழுவதும் சமையல் மேடையிலேயே கிடந்த சாதம் இந்தப் போட்டிக்குள் வரவே கூடாது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதம் கொதிக்கும்போதும் சாவதில்லை. வெளியே கிடக்கும் சாதத்தில் அவை முளைத்துப் பெருகும். வாந்தி வரவழைக்கும் அதன் நச்சு, வறுக்கும் சூட்டிலும் அழியாது. வடித்த சாதத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைக்க வேண்டியதுதான்.