க்ளூக்ஷ்டாட்டா, ஃப்ரீட்ரிஷ்டாட்டா?

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு நாள் கையில் இருந்தால் வடக்கே சதுப்பு நிலத்துக்குள் ரயிலேறுங்கள். சில்ட் தீவிலுள்ள வெஸ்டர்லாண்ட் ஊருக்குப் போகும் ஒரே தடத்தில்தான் இந்த இரண்டு ஆற்றங்கரை ஊர்களும் இருக்கின்றன, பக்கத்தில் இருப்பது க்ளூக்ஷ்டாட்.

ஹாம்பர்க்குக்குப் போட்டியாக ஒரு துறைமுகம் வேண்டும் என்று டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1617ல் எல்பே ஆற்றங்கரையில் நிறுவிய ஊர் இது. சந்தைச் சதுக்கத்திலிருந்து தெருக்கள் கதிர்போலப் பிரிகின்றன. கரைமேட்டில் நின்றால் பெரிய சரக்குக் கப்பல்கள் கண்முன்னே போகும். உப்பில் பதப்படுத்திய மாட்யெஸ் மீனை வெங்காயத்தோடு பன்னில் வைத்துத் தருவார்கள், அதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

ஆனால் என் மனசு ஃப்ரீட்ரிஷ்டாட்டில்தான். ஐடர், ட்ரேனே ஆறுகளுக்கு நடுவே 1621ல் கோமகன் மூன்றாம் ஃப்ரீட்ரிக் நிறுவிய ஊர், சொந்த நாட்டில் ஒடுக்கப்பட்ட டச்சு ரெமான்ஸ்ட்ரன்ட் கிறிஸ்தவர்களுக்கு இடம் கொடுத்து, அப்புறம் மென்னோனைட் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் கத்தோலிக்கர்களும் வந்து சேர, அந்தக் காலத்தில் இத்தனை சமயங்கள் ஒரே சின்ன ஊரில் வாழ்ந்தன என்பதே எனக்குப் பெரிய விஷயம். கால்வாய்கள், படிப்படியாக ஏறும் முகப்புள்ள வீடுகள் எல்லாம் டச்சுக்காரர்கள் கைவண்ணம். கதவுகளுக்கு மேலே கல்லில் செதுக்கிய சின்னங்களை நின்று பாருங்கள், ஒரு வீட்டைப்போல் இன்னொன்று இருக்காது. படகில் போனால் பாலத்துக்கடியில் தலையைக் குனிய வேண்டியிருக்கும்.

அரை நாள்தான் என்றால் க்ளூக்ஷ்டாட் போதும். முழு நாள் இருந்தால் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் ஃப்ரீட்ரிஷ்டாட்டுக்கே போங்கள்.