உலு கெரோ ரஃப்லேசியா நடை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

மலேசியாவின் ஈப்போவில் எங்களுக்குப் பூக்கடை. அம்மா நாற்பது வருடமாக மல்லிகை தொடுக்கிறார். கோப்பெங் பக்கத்து உலு கெரோவில் ரஃப்லேசியா என்ற காட்டுப் பூ பூத்திருக்கிறது என்றதும் அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு செய்த பயண முகவர் "நேற்றுதான் மலர்ந்தது" என்றார். போய்ப் பார்த்தால் ஐந்தாம் நாள் பூ, ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. மாதக்கணக்கில் கோஸ் மாதிரி மொட்டாகக் கிடந்து, ஒரே வாரத்தில் அழுகிப்போகும் பூ இது. பூ வியாபாரியிடமே வாடிய பூவை விற்கப் பார்த்தார்!

நல்லவேளை, வழிகாட்டி அந்த ஊர்ச் செமாய்ப் பழங்குடிக்காரர். எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, அரை மணி நேரம் மேலே ஏற்றி, புதிதாக விரிந்த இன்னொன்றைக் காட்டினார். அம்மாவின் முழங்காலுக்காக இரண்டு இடங்களில் நின்றார்.

இலை இல்லை, தண்டு இல்லை. திராட்சை இனத்துக் காட்டுக் கொடியை உறிஞ்சி வாழும் செடியின் பூ தரையில் மல்லாந்து கிடக்கிறது. செங்கல் சிவப்பு, மேலே வெளிறிய திட்டுகள். "கறிக்கடைப் பலகை மாதிரி இருக்கிறதே" என்றார் அம்மா. ஈக்கும் அப்படித் தோன்றத்தான் அந்த வேஷம். நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று பயந்திருந்தேன். நின்றால் ஒன்றும் தெரியவில்லை, குனிந்தால்தான் கெட்ட இறைச்சி வாடை. செத்த விலங்கிலிருந்து கிளம்பும் அதே கந்தகச் சேர்மங்கள்தான் இதிலும்.

பச்சையாக மினுங்கும் ஈ ஒன்று உள்ளே இறங்கியது. வழிகாட்டி டார்ச் அடித்தார். நடுத்தட்டின் அடியில் புகுந்து வெளியே வந்தபோது அதன் முதுகில் கூழ் மாதிரி மகரந்தம். ஆண் பூவாம். பக்கத்தில் இதே வாரம் ஒரு பெண் பூ விரிந்திருந்து, இந்த ஈ அங்கேயும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். ஈக்குத் தின்னவும் ஒன்றுமில்லை, முட்டையிட்டால் புழு பிழைக்கவும் வழியில்லை.

"கூலியே கொடுக்காமல் சுமை தூக்க வைக்கிறதே!" அம்மாவுக்கு அதில்தான் ஆச்சரியம்.

போகிறவர்கள் பூவுக்கு எத்தனையாவது நாள் என்று ஊர்க்காரர்களிடமே கேளுங்கள். அட்டைக்கு நீளக் காலுறை போடுங்கள். ஒரு நட்சத்திரம் முகவரால் போனது.

அம்மா தலையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தது. அந்தப் பக்கம் ஓர் ஈகூட எட்டிப் பார்க்கவில்லை.