அலி–பக்னர் நிகழ்ச்சி மலர்: பினாங்கில் விற்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பழைய விளையாட்டுப் பொருள்களை ஏலத்தில் விற்றுத் தருகிறேன் என்று வாங்கிக்கொள்ளும் வியாபாரிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். இது என் அத்தைக்கு நடந்தது.

1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியும் ஜோ பக்னரும் குத்துச்சண்டையில் மோதினார்கள். 15 சுற்றும் நடந்து, புள்ளிக் கணக்கில் அலி வென்றார். மாமா பட்டர்வொர்த்தில் ரயிலேறிப் போய்ப் பார்த்தவர். அங்கே வாங்கிய நிகழ்ச்சி மலரின் (ஆட்டத்துக்காக அச்சிட்ட புத்தகம்) கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் அவரே நீலப் பேனாவால் புள்ளி போட்டிருந்தார்.

மாமா காலமான பிறகு அத்தை அதை ஜார்ஜ்டவுனில் ஒரு வியாபாரியிடம் கொடுத்தார். "பேனாக் கிறுக்கல் இருக்கே ஆண்ட்டி, பெரிசா விலை போகாது" என்றார் அவர். ரசீதில் "பழைய புத்தகம் 1" என்று மட்டும் எழுதினார்.

இங்குதான் ஏமாற்று தொடங்குகிறது. ஒரு பொருள் அந்த ஆட்டத்தில் இருந்தது என்பதற்கான அடையாளத்துக்குத்தான் இந்தத் தொழிலில் பணம். 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டை 2022இல் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது, அது அதே சட்டைதான் என்று அன்றைய படங்களோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்ததால். மாமாவின் கையெழுத்தும் அப்படிப்பட்ட சாட்சிதான். அதைப் பற்றி ரசீதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

சில மாதம் கழித்து, யாரும் ஏலம் கேட்கவில்லை என்று ஒரு மலர் திரும்பி வந்தது. கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. "சுத்தம் பண்ணிட்டோம்" என்றாராம். சரி, பேனா அழுத்திய தடம் எங்கே? டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தோம், ஒரு கோடுகூட இல்லை. முன்பு துருப்பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள் புதிதாகப் பளபளத்தன. உருப்பெருக்கியில் பார்த்தால் படங்களும் எழுத்தும் மங்கல். ஸ்கேன் செய்து அச்சடித்த நகல். வயதான ஒரு பெண்மணியிடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது?

போலீஸ் புகார் கொடுத்துவிட்டோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

நீங்கள் கொடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். கறை, கிழிசல், எழுத்து எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பொருளைக் கொடுக்காதீர்கள்.

மாமாவின் பிரதியில் 7ஆம் சுற்றுக்கு நேராக "பக்னர் கையை இறக்கவே இல்லை" என்று தமிழில் இருக்கும். எந்த ஏலத்திலாவது கண்ணில் பட்டால் உடனே எனக்குத் தெரிவியுங்கள்.